எரிக்காச் செடி: எரிமலைப் பாதையில் இருப்பது சவுக்கா?

கேள்வி, 8 ஜூலை 2023

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் எரிமலை மறுபடி கக்குகிறது என்று கேள்விப்பட்டு மொரிசியஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தோம். மேலே ஏறும் சாலையில் இரண்டு பக்கமும் இடுப்பளவு பச்சைப் புதர், ஊசி ஊசியாக இலை. குளிரில் வளர முடியாமல் குட்டையாகிப்போன சவுக்கு என்று நினைக்கிறேன். கடலோரத்திலும் அதையே பார்த்தோம். இரண்டு படம் வைத்திருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் யாராவது உறுதி சொல்லுங்கள்.

8 ஜூலை 2023, இரவு

சவுக்கு இல்லை. நான் பூர்-முராவில் இருக்கிறேன், அந்தச் சாலை எங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் படம் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது என் கைபேசியில் திறக்கவில்லை.

இந்த ஊரில் அதற்கு 'பிரான்ல் வேர்' என்று பெயர். வேர் என்றால் பிரெஞ்சில் பச்சை, நம் வேர் இல்லை. தாவரவியலில் எரிக்கா ரீயூனியனென்சிஸ். இந்தத் தீவில் மட்டுமே இருக்கிற செடி. மொரிசியஸில் உங்களுக்கும் எரிக்கா உண்டு, ஆனால் அது வேறு இனம்.

9 ஜூலை 2023

"எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன்.

நான் புதுச்சேரிக்காரன். கடலோரச் சவுக்குத் தோப்பில் விளையாடி வளர்ந்தவன். சவுக்கு ஊசியை எடுத்து ஒரு கணுவில் இழுத்துப் பிரிப்போம், மறுபடி அதே இடத்தில் செருகுவோம், "எந்தக் கணுவில் பிரித்தேன், சொல்" என்போம். சவுக்கின் ஊசி உண்மையில் இலை இல்லை, கணுக்கணுவான குச்சி. இலை என்பது ஒவ்வொரு கணுவிலும் பல் மாதிரி ஒட்டியிருக்கிற சின்னச் செதில்தான். அதனால்தான் அந்த விளையாட்டே நடக்கிறது.

பிரான்லில் அந்த விளையாட்டு ஆட முடியாது. குச்சியைச் சுற்றி வட்டம் வட்டமாகக் குட்டி இலைகள், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. இழுத்தால் கணு பிரியாது, இலைதான் உதிரும்.

10 ஜூலை 2023

ஒரு விஷயம் சேர்க்க மறந்தேன். சவுக்கு என்று உங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. இங்கே சவுக்கை 'ஃபிலாவோ' என்பார்கள். எரிக்காவில் இன்னொரு இனத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரே 'பிரான்ல் ஃபிலாவோ', அதாவது சவுக்குப் பிரான்ல். தாவரவியல் பெயர் எரிக்கா ஆர்போரெசென்ஸ். முந்நூறு வருஷமாக இந்த மண்ணில் இருப்பவர்களுக்கே அப்படித்தான் பட்டிருக்கிறது.

16 ஜூலை 2023

இன்று காலை நே தெ பஃப் காட்சி முனை வரை போய் வந்தேன். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். எட்டு மணிக்கும் புல்லில் உறைபனி போகவில்லை. பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி இருந்தது, சாலையோரம் மண்டி போட்டுப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

இலையின் மேல்பக்கம் வழவழப்பு. ஓரங்கள் இரண்டும் உள்பக்கமாக மடிந்து, கீழே ஒரு கோடு மட்டும் பள்ளமாகத் தெரிகிறது. வாழை இலையில் சாப்பிட்டு முடித்து மடிப்போமே, அதே மாதிரி. இலை மூச்சு விடும் துளைகள் அந்த மடிப்புக்குள் ஒளிந்திருக்கின்றன. காற்றும் வெயிலும் நேராகப் படாது, தண்ணீர் வீணாகாது.

இதில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. அந்தச் சாலையோரத்தில்தான் கொமெர்சோன் எரிமலைவாய் இருக்கிறது. 1980 ஜனவரியில் பதினைந்தே நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை பெய்த இடம், உலகச் சாதனை. புதுச்சேரியில் நான்கு வருஷம் பெய்தாலும் அவ்வளவு தேறுவது கஷ்டம். இவ்வளவு மழை கொட்டும் இடத்தில் ஒரு செடி ஏன் பாலைவனத்துச் செடி போலத் தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும்?

காலை வைத்துப் பார்த்ததும் புரிந்தது. அடியில் மண்ணே இல்லை. பொரி மாதிரி ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல். ஒரு போத்தல் தண்ணீரைக் கவிழ்த்தேன், ஒரு நொடிகூட நிற்காமல் உள்ளே போய்விட்டது. மழைக்குப் பஞ்சம் இல்லை, தேக்கி வைக்க ஏனம்தான் இல்லை. அதன் மேல் குளிர்கால வறட்சி, இரவில் உறைபனி, பகலில் மலையுச்சி வெயில்.

காய்ந்த பழைய பூக்களும் கிளை நுனியில் ஒட்டியிருந்தன. கடுகில் பாதிகூட இல்லை. எரிக்கா என்றால் தென்னாப்பிரிக்காவின் பெரிய சிவப்புக் குழல் பூக்களை நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இந்தப் பூவுக்குத் தேனீயும் வேண்டாம், தேன்சிட்டும் வேண்டாம். காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகிறது. அதற்கு ஏற்ற மாதிரி சூல்முடி மட்டும் குடை விரித்தது போல அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட இனங்களை ஒரு காலத்தில் பிலிப்பியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், பிறகு எரிக்காவோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் பிலிப்பியா மொன்தானா என்று பார்த்தால் அதுவும் இதே செடிதான்.

17 ஜூலை 2023

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. நான் மண்டி போட்டிருந்தபோது ஒரு தெக்-தெக் பக்கத்துப் புதரின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. சிட்டுக்குருவியை விடச் சிறியது, ஆணுக்குத் தலை கறுப்பு, நெஞ்சில் ஆரஞ்சு. இதுவும் இந்தத் தீவில் மட்டுமே உள்ள பறவை. கல்லோடு கல் தட்டுகிற மாதிரிக் குரல், அதுதான் பெயரும். மனிதனைக் கண்டு ஓடாது. இரண்டு கை தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் புதர் வேலியும் அதற்கு ஒரு வீடு.

23 ஜூலை 2023

திருத்தம். போன வாரம் தனிச்செய்தியில் ஒருவருக்கு "பச்சைப் பிரான்லுக்குத் தம்பி வெள்ளைப் பிரான்ல்" என்று எழுதியிருந்தேன். தப்பு. மன்னிக்கவும்.

மேலே சாம்பல் பூசின மாதிரி வெள்ளிநிறத்தில் ஒரு புதர் நிற்கும். 'பிரான்ல் பிளான்' என்பார்கள், வெள்ளைப் பிரான்ல். பச்சையும் வெள்ளையும் கலந்தே வளரும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே உருவம், ஒரே உயரம். ஆனால் வெள்ளைப் பிரான்ல் எரிக்கா குடும்பமே இல்லை. அது ஸ்டீபே பாசெரினாய்டீஸ், சூரியகாந்திக் குடும்பம். நம் செவ்வந்திக்குச் சொந்தம். ஒரே குளிர், ஒரே கல், ஒரே காற்று. சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்களும் ஒரே மாதிரிக் குட்டி இலை போட்டுப் பிழைத்திருக்கின்றன. பேர் வைத்தவர்கள் குடும்பம் பார்க்கவில்லை, விறகாகுமா, துடைப்பமாகுமா என்று பார்த்தார்கள்.

30 ஜூலை 2023

"வீட்டில் வளர்க்க முடியுமா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

இங்கே வந்த இரண்டாம் வருஷம் ஒரு நாற்றுப்பண்ணையில் தொட்டிச் செடி ஒன்று வாங்கினேன். உடம்பெல்லாம் ரோஜா நிற மணிகள். "இது இந்த ஊர்ச் செடியா?" என்று கேட்டேன், "ஆமாம், இந்த ஊர் மலைச்செடிதான்" என்றார்கள். ஏழு யூரோ. வாசலில் வைத்தேன். இரண்டு வாரத்தில் கீழ்க்கிளை பழுத்தது. எங்கள் அம்மா புதுச்சேரியில் எந்தச் செடி வாடினாலும் அடுப்புச் சாம்பலைப் போடுவார். கத்தரிக்கும் முருங்கைக்கும் அது மருந்துதான். நானும் கணப்புச் சாம்பலில் இரண்டு கைப்பிடி எடுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டேன். பத்தே நாளில் முழுச் செடியும் உலர்ந்த துடைப்பமாகிவிட்டது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எரிக்கா குடும்பத்துக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் காரம். எறும்புப் புற்றுக்குச் சுண்ணாம்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதுபோக இந்தக் குடும்பத்தின் வேர் நுனிகள் தலைமுடியை விட மெல்லியவை. அவற்றுக்குள் ஒரு வகைப் பூஞ்சை குடியிருக்கும். பூஞ்சை மண்ணின் மட்கிலிருந்து தழைச்சத்தைப் பிரித்து எடுத்துத் தரும், செடி அதற்குச் சர்க்கரை தரும். மண் மாறினால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துவிடும். மலையிலிருந்து பிடுங்கி வந்து நட்டால் பிழைக்காமல் போக இதுவும் ஒரு காரணம். அதோடு தேசியப் பூங்காவின் மையப்பகுதியில் செடி பிடுங்குவதே குற்றம். எனவே வேண்டாம், தயவுசெய்து.

அந்த ஏழு யூரோச் செடி இந்த ஊர்ச் செடியே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. எரிக்கா கிராசிலிஸ், பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. பிரான்சில் நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளுக்காகத் தொட்டி தொட்டியாக விற்கிற செடி. பூவின் நிறத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் பிரான்ல் இப்படிப் பூக்காது.

6 ஆகஸ்ட் 2023

கோத்தகிரியிலிருந்து எழுதிய சகோதரிக்கு: நீலகிரியில் எரிக்கா இயற்கையாக இல்லை. இந்தியாவிலேயே இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், எங்கள் தீவுகள், ஐரோப்பா, மேற்காசியாவின் ஓரம், அவ்வளவுதான் அதன் எல்லை. ஆனால் குடும்பம் உங்கள் ஊரிலும் இருக்கிறது. சோலை ஓரத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கிற காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், இதே எரிக்கேசியே குடும்பம். கசக்கினால் வலிநிவாரணித் தைலம் வாசம் அடிக்கும் கோல்தீரியாவும் அப்படித்தான், அதன் இலையிலிருந்து எண்ணெய் எடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெருங்கடல் கிடந்தாலும் இரண்டு மலையிலும் ஒரே குடும்பம்தான் வேலி கட்டியிருக்கிறது.

3 செப்டம்பர் 2023

டர்பன் நண்பர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "சாம்பல் கொல்லும் என்கிறீர்கள். எங்கள் ஊரில் காடு எரிந்த பிறகுதான் எரிக்கா பூக்கிறது. எது உண்மை?"

இதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

அவர் சொல்வது சரி. எரிக்கா இனங்கள் உலகத்தில் எண்ணூற்றுக்கு மேல், அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில்தான். அந்தக் குறும்புதர்க் காட்டை ஃபைன்போஸ் என்பார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை எரிந்து புதுப்பித்துக்கொள்ளும் காடு அது. டர்பன் நண்பர் சொல்வது எரிக்கா செரிந்தாய்டீஸ் ஆக இருக்க வேண்டும். மேலே எல்லாம் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கட்டைத் தண்டிலிருந்து துளிர்த்து, ரோமம் அடர்ந்த சிவப்புக் குழலாகப் பூக்கும். கேப் டவுனில் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காக்காரர்கள் இன்னும் ஒரு படி போய், பல ஃபைன்போஸ் விதைகளுக்குப் புகை பட்டால்தான் விழிப்பு வரும் என்று கண்டுபிடித்தார்கள். புகைநீரில் ஊறவைத்து உலர்த்திய தாள் வில்லைகளை விற்கவும் செய்தார்கள். தண்ணீரில் வில்லையைப் போட்டு, அதில் விதையை ஒரு நாள் ஊறவைத்து விதைக்கலாம்.

அப்படியானால் என் தொட்டி? மலைச்சரிவில் விழும் சாம்பல் மெல்லிசாகப் பரவும், அடுத்த மழையில் கழுவிப் போகும். நான் போட்டது ஒரு சின்னத் தொட்டியில் இரண்டு கைப்பிடி. ஜூலையில் 'சாம்பல் கொல்லும்' என்று நான் எழுதியது மொத்தக் குடும்பத்துக்கும் பொருந்தாது. 'நான் போட்ட சாம்பல் அந்தத் தொட்டியைக் கொன்றது' என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. கேப் எரிக்காவுக்குத் தீ பழகினது என்பதால் எங்கள் பிரான்லுக்கும் பழகினது என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. அக்டோபரில், முன்பு தீ எரிந்த மாய்தோ என்கிற மலையுச்சிக்குப் போகிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

10 செப்டம்பர் 2023

சின்னது. "எரிக்கா என்ற பெயர் எரி என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததா?" இல்லை. கிரேக்கத்தில் எரெய்கே என்பார்கள், அங்கிருந்து லத்தீனுக்கு வந்தது. தமிழுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

11 செப்டம்பர் 2023

நேற்று அப்படி முடித்துவிட்டேன். ஆனால் இரவெல்லாம் மனசு அதையே சுற்றியது.

நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, கோயிலில் மட்டும் தமிழ் காதில் விழும். போன மாதம் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நடத்தினேன். வாடா மலர், ஓடாக் குதிரை, அழியாப் புகழ். வாடாத என்பதில் ஈறு கெட்டு வாடா என்று நிற்கும். பத்து வயதுப் பெண் ஒருத்தி நேற்று வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்டாள்: "அப்படின்னா எரிக்காச் செடின்னா, எரிக்காத செடியா, ஐயா?"

இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. எரிக்காத செடி, எரிக்கா. பின்னால் வல்லினம் மிகுந்து எரிக்காச் செடி. யாரும் எரிக்கக் கூடாத செடி. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு இது நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தீவில் வளர்கிற ஒரு பிள்ளையின் வாயில் இந்தச் செடிக்குத் தமிழில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இனி நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

29 அக்டோபர் 2023

மாய்தோ போய் வந்தேன். ஊரில் யாரும் எழுந்திருக்காத நேரத்தில் கிளம்பினால்தான் மேகம் மூடுவதற்கு முன் உச்சியில் நிற்க முடியும். 2,200 மீட்டர். கீழே மஃபாத் பள்ளத்தாக்கு, எதிரே பித்தோன் தெ நேஜ் சிகரம், 3,070 மீட்டர். நான் பார்க்கப் போனது அதை இல்லை.

2010 ஆகஸ்டில் இந்தத் தீவின் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதே வருஷம் அக்டோபரில் மாய்தோ சரிவில் தீ. அடுத்த வருஷம் 2011 அக்டோபர் கடைசியில் அதைவிடப் பெரிய தீ, 2,500 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. நான் அப்போது கடலோரத்தில் குடியிருந்தேன். இரவில் மலை விளிம்பு முழுக்கக் கார்த்திகை விளக்கு போல வரிசையாகத் தெரிந்தது. முதல் இரவு ஒன்றும் தெரியாமல் அழகாக இருக்கிறது என்று மாடியில் நின்று பார்த்தேன். மறுநாள் துணி காயப்போட்ட கொடியில் கறுப்புத் துகள் வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கருகின குட்டி இலை, வட்டம் கலையாமல் அப்படியே. இன்றைக்கும் அது என் கண்ணிலேயே நிற்கிறது.

பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது என்ன இருக்கிறது? இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சில சரிவுகளில் எரிக்கா திரும்ப வந்திருக்கிறது, முழங்கால் உயரம், அடர்த்தியாக. மனசு நிறைந்தது. ஆனால் வேறு சில இடங்களில் மஞ்சள் பூ. தூரத்துக்கு ஆவாரம்பூ மாதிரி இருக்கும், கிட்டே போனால் உடம்பெல்லாம் முள். அதற்கு 'அழோன்' என்று பெயர், ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்த செடி. அதன் விதை மண்ணில் பல வருஷம் காத்துக் கிடக்கும், தீயின் சூடு பட்டால் பொலபொலவென்று முளைக்கும். அழோனின் உடம்பில் எண்ணெய், பச்சையாகவே எரியும். ஒருமுறை எரிந்த இடத்தில் அது பரவும், அது பரவின இடம் மறுபடி சுலபமாக எரியும். எரிக்கா அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.

டர்பன் நண்பருக்கு இதுதான் என் பதில். இங்கே எரிமலைக் குழம்பு போகும் வழியில் தீப்பிடிப்பது உண்டு, அது எப்போதும் இருந்தது. மற்ற தீ பெரும்பாலும் மனிதர் வைத்தது. உங்கள் ஃபைன்போஸ் லட்சக்கணக்கான வருஷம் தீயோடு வாழப் பழகினது. இங்கே ஞாயிற்றுக்கிழமை காற்று வீசும்போது யாரோ ஒருவர் சோறு பொங்க மூட்டுகிற அடுப்பு போதும்.

நானும் மூட்டியிருக்கிறேன். வந்த புதிதில், மாய்தோவில் இல்லை, எரிமலைச் சாலையில். தேநீருக்காக. கிளையை ஒடித்து வைத்தபோது பட்டாசு மாதிரிப் படபடவென்று பிடித்தது, எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கிளை எத்தனை வருஷத்துக் கிளை என்று அன்று யோசிக்கவே இல்லை.

30 அக்டோபர் 2023

பக்கத்து வீட்டுக் கிராமூனிடம் நேற்றைய பயணத்தைச் சொன்னேன். பெரியவர்களை இங்கே கிராமூன் என்று மரியாதையாகச் சொல்வார்கள். எண்பது தாண்டியவர். சின்ன வயதில் பிரான்ல் கட்டைதான் வீட்டுக்கு விறகு, கிளைதான் முற்றத்துக்குத் துடைப்பம் என்றார். "அப்போது வேறு என்ன இருந்தது, மிஸ்யே? மேலே குளிர், கையில் காசு இல்லை." அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இன்றைக்கு அவர் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. காரில் வந்து படம் பிடித்துக்கொண்டு ஒடிப்பவர்களிடம்தான் என் வருத்தம்.

3 டிசம்பர் 2023

வீட்டுப் பின்பக்கம் மழைத்தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சேறாகாமல் இருக்க நான்கு வருஷத்துக்கு முன் எரிமலைச் சரளை கொட்டியிருந்தேன். இன்று அதில் களை எடுக்கும்போது விரல் உயரத்தில் ஒன்று. களை என்று பிடித்தும்விட்டேன், இழுக்கவில்லை. குச்சியைச் சுற்றி வட்டம் வட்டமாக இலை.

எரிக்கா! நான் நடவில்லை. விதை தூசி மாதிரி இருக்கும், மேலே இருந்து காற்று கொண்டுவந்திருக்க வேண்டும். இந்தத் தீவு கடலிலிருந்து எழுந்து சுமார் முப்பது லட்சம் வருஷம். இதன் முன்னோரும் கடல் தாண்டி இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும்.

உரம் இல்லை, சாம்பல் இல்லை, நகர்த்தவும் மாட்டேன். சுற்றி நான்கு கல் மட்டும் வைத்திருக்கிறேன், யாரும் மிதிக்காமல் இருக்க.

20 டிசம்பர் 2023

இன்று அடிமை ஒழிப்பு நாள், 1848இல் இதே தேதி. தீவெங்கும் மலோயாப் பாட்டு. அதனால் இந்தக் குறிப்பு.

உயரத்தில் எரிமலைக் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் இன்னொரு சின்ன எரிக்கா உண்டு, எரிக்கா காலியாய்டீஸ். ஊர்ப்பெயர் 'தேன் மரோன்'. நம் காதுக்குத் தேன் என்று விழும், ஆனால் அது பிரெஞ்சில் தைம் இலை, இங்கே எந்தக் குழம்பும் அது இல்லாமல் கொதிக்காது. அந்தச் செடிக்கும் தைமுக்கும் உறவு இல்லை, இலை உருவம் மட்டும் ஒற்றுமை. மரோன் என்றால் கிரியோலில் காட்டில் தானாக வளர்வது. அதற்கு முன்னால் அந்தச் சொல், தோட்டங்களிலிருந்து தப்பி மலையேறி ஒளிந்து வாழ்ந்த அடிமைகளுக்கான சொல். நான் இருக்கிற பிளேன் தே காஃப்ர் சமவெளியின் பெயரே அவர்களால் வந்ததுதான். அவர்கள் குளிரில் ஒளிந்தது இந்தப் புதர்களுக்கு நடுவில். விறகாக எரித்ததும் இதைத்தான் எரித்திருப்பார்கள். எரிக்காச் செடி என்று பெயர் வைத்துக்கொண்டு பெருமைப்படும்போது இதையும் நான் நினைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் எழுதியதில் இது விட்டுப்போயிற்று.

21 ஜனவரி 2024

எல்லோரும் நலம். விசாரித்தவர்களுக்கு நன்றி. பெலால் புயல் 15ஆம் தேதி, சரியாகப் பொங்கலன்று, தீவின் மேலேயே வந்தது. ஊதா எச்சரிக்கை, யாரும் வெளியே போகக் கூடாது. கதவுக்குப் பின்னால் அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டு, எரிவாயு அடுப்பில் சின்ன வெண்கலப் பானையில் பொங்கல் வைத்தோம். பொங்கிய சத்தம் காற்றில் கேட்கவில்லை, நுரையைப் பார்த்துத்தான் "பொங்கலோ பொங்கல்" சொன்னோம். மின்சாரம் வர மூன்று நாள் ஆயிற்று.

தண்ணீர்த் தொட்டியின் மூடி கிராமூன் வீட்டுக் கூரையில் கிடந்தது. எலுமிச்சை மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. நான்கு கல்லில் இரண்டைக் காணோம். எரிக்கா இருக்கிறது! ஒரு பக்கம் இலை கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வட்டங்களை எண்ணினேன், டிசம்பரில் எண்ணியதை விடப் பதினொன்று கூட.

27 ஜனவரி 2024

நேற்று முன்தினம் தைப்பூசம், காவடி முடிந்து இன்றுதான் கால் வலி தணிந்தது. மகனின் கணினியில் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் ஜூலையில் கைபேசியில் திறக்காத அந்த இரண்டாவது படம் திறந்தது.

கேள்வி கேட்ட மொரிசியஸ் நண்பரே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் கிரான் புருலேயில், கடலோர எரிமலைப் பாறையில் எடுத்தது. பின்னால் வரிசையாக நிற்பது சவுக்குதான், சந்தேகமே இல்லை. கடலோரத்தில் பார்த்ததை நீங்கள் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். நான் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு "சவுக்கு இல்லை" என்று தொடங்கிவிட்டேன்.

ஆனால் அதே படத்தில் உங்கள் மகள் கை வைத்து நிற்கிற செடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அகல இலை, கொழுந்து சிவப்பு. அது 'புவா தெ ராம்பார்', அகாரிஸ்டா சாலிசிஃபோலியா என்றே படுகிறது. குழம்பு ஆறின பாறையில் முதலில் சாம்பல் நிறப் பாசிக்காளான், அப்புறம் பெரணி, அப்புறம் இப்படிப்பட்ட மரச்செடிகள் வரும். ஊசி இலையே கிடையாது, பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுவும் எரிக்கேசியே குடும்பம்தான். ஆடு மாடு தின்றால் செத்துப்போகும் அளவுக்கு விஷம், ரோடோடென்ட்ரானில் இருப்பது போன்ற விஷம். தொட்டதற்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். வாயில் வைக்க மட்டும் கூடாது.

அடுத்த முறை வந்தால் பூர்-முராவில் இறங்கிச் சொல்லி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.